டான்சில் வளர்ந்த சதை அன்று: தொண்டையின் அமைப்பை விளக்கும் படம் ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழு வயது மகனுக்கு அடிக்கடி தொண்டை வலி வருவதாக எழுதியிருந்த ஒரு தாய்க்குத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அளிக்கப்பட்ட பதிலில், தொண்டையில் வளர்ந்துள்ள டான்சில் சதையை அகற்றிவிட்டால் தொல்லை தீரும் என்ற பொருளில் ஒரு வரி இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு வரியைக் குறித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். டான்சில் என்பது இடையில் முளைத்த சதை அன்று. பிறக்கும்போதே எல்லோருக்கும் தொண்டையின் இரண்டு பக்கமும் அமைந்திருக்கும் உறுப்பு அது. அதை வளர்ந்த சதை என்று எண்ணிக்கொண்டிருப்பவர், மருத்துவர் 'இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம்' என்று சொன்னால் நம்ப மறுத்து வேறு இடம் தேடிப் போகிறார். 'எடுத்துவிடலாம்' என்று சொன்னாலோ, புற்றுநோயாக இருக்குமோ என்று பதறிப் போகிறார். இரண்டும் குழந்தைக்கு நல்லதல்ல.

நான் திருமங்கலம் வட்டாரத்துப் பள்ளிகளில் பல்லாண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன். மருந்து எழுதும் உரிமையும் விருப்பமும் எனக்கு இல்லை. உறுப்புகள் எங்கே இருக்கின்றன, எப்படி இயங்குகின்றன என்பதைச் சொல்வது மட்டும் ஆசிரியரின் வேலைக்குள் அடங்கும் என்று கருதுகிறேன். இப்போதெல்லாம் குழந்தை 'தொண்டை வலிக்குது' என்றவுடன் வீட்டில் உள்ளவர்கள் அலைபேசியின் டார்ச் விளக்கை அடித்து வாய்க்குள் பார்க்கிறார்கள். பார்ப்பது தவறன்று, ஆனால், எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

வாயை அகலத் திறந்து 'ஆ' என்று சொல்லச் சொன்னால், மேலே முன்பக்கம் எலும்பாலான வல்லண்ணமும், அதற்குப் பின்னால் தசையாலான மெல்லண்ணமும் தெரியும். மெல்லண்ணத்தின் நடுவிலிருந்து தொங்குவது உள்நாக்கு. பலர் டான்சில் என்று கைநீட்டிக் காட்டுவது இதைத்தான். உள்நாக்கின் இரு மருங்கிலும் மெல்லண்ணத்திலிருந்து இரண்டு மடிப்புகள் வளைந்து கீழிறங்குகின்றன. முன் மடிப்பு நாக்கின் பக்கத்தில் சென்று சேர்கிறது. பின் மடிப்பு தொண்டைச் சுவரோடு கலக்கிறது. இவ்விரு மடிப்புகளுக்கும் இடையேயுள்ள பள்ளத்தில், பக்கத்திற்கு ஒன்றாக, பாதாம் பருப்பின் வடிவில் அமர்ந்திருப்பவையே டான்சில்கள். அவற்றின் மேற்பரப்பு வழவழப்பாக இராது. உட்புறமாக ஆழ்ந்து கிளைக்கும் குழிகள் பல அதில் உண்டு. அந்தக் குழிகளில் உணவுத் துணுக்கும் உதிர்ந்த செல்களும் தங்கி, சிலருக்கு வெண்மஞ்சள் நிறத்தில் சிறு கட்டிகளாக இறுகிவிடுவதுண்டு. அதனால் வாய் நாற்றம் வருமே தவிர, காய்ச்சலும் வலியும் இல்லாதபோது அதைச் சீழ் என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஊக்கு, தீக்குச்சி முதலியவற்றால் அதைக் குத்தி எடுக்கவும் கூடாது.

டான்சில்கள் தனியாக இருப்பவையும் அல்ல. மூக்கின் பின்புறம் தொண்டையின் கூரையில் அடினாய்டு, காதுக்குச் செல்லும் குழாயின் வாயருகே சிறு திசுத் திரள்கள், பக்கங்களில் நாம் காணும் இரண்டு டான்சில்கள், கீழே அடிநாக்கில் பரவிய டான்சில் திசு என, மூச்சும் உணவும் நுழையும் வாயிலைச் சுற்றி ஒரு வளையமாகவே, கிருமிகளை எதிர்க்கும் செல்கள் செறிந்த இந்த நிணநீர்த் திசு அமைந்திருக்கிறது. 1884-இல் இதை விவரித்த ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் வால்டேயரின் பெயரால் அது இன்றும் வால்டேயர் வளையம் எனப்படுகிறது. உடலின் மற்ற நிணநீர்க் கணுக்களுக்கு நிணநீரைக் கொண்டுவந்து சேர்க்கும் நாளங்கள் உண்டு. டான்சிலுக்கு அவை கிடையாது. வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வருவனவற்றைத் தன் குழிகளின் சுவர் வழியே அது நேரடியாகவே தொட்டறிந்து, எதிர்ப்பொருளை உண்டாக்கும் செல்களைத் தூண்டுகிறது. உலகத்துக் கிருமிகள் அனைத்தையும் முதன்முதலாகச் சந்திக்கும் பருவம் குழந்தைப் பருவம் என்பதால், ஏறத்தாழ நான்கு வயதிலிருந்து எட்டு வயதுவரை டான்சில் பெரிதாகவே இருக்கும். பருவ வயதைத் தாண்டியபின் அது தானாகச் சுருங்கத் தொடங்கும். ஏழு வயதுப் பிள்ளையின் தொண்டையில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் அந்த வயதின் இயல்பு. ஆகவே, அளவை மட்டும் கண்டு அறுவை சிகிச்சையை முடிவு செய்ய இயலாது.

இனி, தொண்டை என்னும் குழாயைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பகுதியில் நடக்கும் ஒரு வழக்கம் அதனோடு நேரடியாகத் தொடர்புடையது. மண்டை ஓட்டின் அடியிலிருந்து கழுத்தெலும்புகளில் ஆறாவது எலும்பின் மட்டம் வரை, பெரியவர்களுக்குச் சுமார் 12 முதல் 14 செ.மீ. நீளத்தில் இருக்கும் தசைக்குழாயே தொண்டை. மூக்கின் பின்னால் ஒரு பகுதி, வாயின் பின்னால் ஒரு பகுதி, குரல்வளையின் பின்னால் ஒரு பகுதி என அதை மூன்றாகப் பிரிப்பார்கள். மேல்பகுதியில் காற்று மட்டும் செல்லும். கீழ்ப்பகுதிகள் இரண்டும் காற்றுக்கும் உணவுக்கும் பொதுவழி. முடிவில் முன்னால் குரல்வளையும் மூச்சுக்குழாயும், பின்னால் உணவுக்குழாயும் பிரிகின்றன. முன்னால் இருக்கும் குழாய்க்குக் காற்றும் பின்னால் இருக்கும் குழாய்க்கு உணவும் ஒருபோதும் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இந்த உறுப்பின் முழுச் சிக்கலும்.

உணவுக் கவளம் அடிநாக்கைத் தாண்டியதும் மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கிறது. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. குரல் நாண்கள் ஒன்றோடொன்று இறுகச் சேர்கின்றன. குரல்வளை முழுவதும் மேலேறி அடிநாக்கின் கீழ் ஒதுங்குகிறது. இலை வடிவக் குருத்தெலும்பான குரல்வளை மூடி பின்னோக்கிச் சாய்கிறது. வழக்கமாக இறுகியே இருக்கும் உணவுக்குழாயின் வாய் திறந்து கவளத்தை வாங்கிக்கொள்கிறது. இத்தனையும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் நடந்து முடிகின்றன. கழுத்தின் முன்புறம் சங்கு என்று நாம் சொல்லும் இடத்தில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பார்த்தால், குரல்வளை மேலேறி இறங்குவதை யாரும் உணரலாம். மூடி மட்டும் மூடிக்கொண்டு காக்கிறது என்று பாடம் நடத்துவது வழக்கம். ஆனால் குரல்வளை உயர்வதும் நாண்கள் சேர்வதுமே பெருங்காவல். சாப்பிடும்போது பேசியோ சிரித்தோ இந்த ஒழுங்கு ஒரு கணம் பிசகினால் புரையேறுகிறது. புரையேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; ஆனால் இருமல் அடங்கும் முன்பே தலையில் தட்டித் தண்ணீரைப் புகட்டும் அவசரம் வேண்டாம். உள்ளே நுழைந்ததை வெளியே தள்ள உடல் எடுக்கும் முயற்சிதான் இருமல்.

நான் குறிப்பிட்ட வழக்கம் தொக்கம் எடுப்பது. கைக்குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், வாந்தி எடுத்தாலும், பேதியானாலும், ஏதோ ஒன்று தொண்டையிலோ குடலிலோ சிக்கியிருக்கிறது என்று சொல்லித் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிச் செல்வது மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்றும் உண்டு. படித்தவர்களும் போகிறார்கள். வயிற்றிலிருந்து கழுத்துவரை தடவிவிட்டு, வாய்க்குள் விரலை விட்டோ, ஊதியோ, குழல் வைத்து உறிஞ்சியோ, இறுதியில் ஒரு முடியையோ உணவுத் துணுக்கையோ காட்டுவார்கள். மேலே சொன்ன அமைப்பை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும். விழுங்கிய உணவு சில நொடிகளில் இரைப்பையை அடைந்துவிடுகிறது. இரைப்பையிலிருந்தும் சில மணி நேரத்தில் குடலுக்குச் சென்றுவிடுகிறது. அங்கிருந்து முந்தின வாரத்துத் துணுக்கைத் தடவி மேலே கொண்டுவர எந்த வழியும் இல்லை. வயிற்றுத் தோலின் மேல் குழலை வைத்து உறிஞ்சுவதற்கு, தோலுக்கும் குடலுக்கும் இடையே திறப்பு எதுவும் கிடையாது. உண்மையிலேயே தொண்டையில் ஒரு பொருள் சிக்கினால் அது பெரும்பாலும் நாள்கணக்கில் மறைந்திருக்காது: எச்சிலை விழுங்க முடியாமல் குழந்தைக்கு வாய் வழியாக ஒழுகும், விழுங்கும்போது அழும், மூச்சுவழியில் சிக்கியிருந்தால் இருமும், மூச்சிழுக்கும் ஒலி மாறும், உதடு நீலம் பாரிக்கும். அப்போது ஓட வேண்டிய இடம் மருத்துவமனை.

தொக்கம் எடுத்தபின் குழந்தை தெளிந்துவிட்டதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அடித்தொண்டையை விரல் தொட்டால் ஒன்பதாம், பத்தாம் மூளை நரம்புகளின் வழியே குமட்டல் அனிச்சையாக எழுகிறது. வாந்தி எடுத்தபின் சிறிது நேரம் இதமாக இருக்கும். குழந்தைகளின் வயிற்றுக் கோளாறு பெரும்பாலும் வைரஸால் வருவது என்பதால் சில நாட்களில் தானாகவும் அடங்கும். அதற்கிடையே, கழுவாத விரல் ஒரு குழந்தையின் வாயிலிருந்து அடுத்த குழந்தையின் வாய்க்குப் போகிறது. நகம் மெல்லண்ணத்தையும் தொண்டையின் பின்சுவரையும் கீறலாம். அந்தக் கீறல் சீழ்க்கட்டியாகவும் மாறலாம். எல்லாவற்றிலும் பெரிய இழப்பு நேரம். வாந்தியும் பேதியுமாக இருக்கும் குழந்தைக்கு உடனே தேவைப்படுவது இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். கரைசல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. தொக்கம் எடுப்பவர்களில் பலர் தலைமுறையாக அதைச் செய்துவரும் எளிய மனிதர்கள். அவர்களை ஏசுவது என் நோக்கமன்று. குழந்தையின் தொண்டைக்குள் யாருடைய விரலும் போகக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

மீன்முள்ளுக்கும் இது பொருந்தும். முள் பெரும்பாலும் குத்தி நிற்பது டான்சிலிலோ, அடிநாக்கிலோ, குரல்வளையின் இருபுறப் பள்ளங்களிலோதான். சோற்றை உருட்டி விழுங்கினால் சில நேரம் போய்விடும். சில நேரம் இன்னும் ஆழமாக ஏறிவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கைக் கொண்டு பார்த்து இடுக்கியால் எடுப்பது சில நிமிட வேலை.

காதைப் பற்றியும் ஒரு சொல். மூக்கின் பின்புறத் தொண்டையிலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் செல்கிறது. பெரியவர்களுக்கு அது சுமார் 36 மி.மீ. நீளமும் நல்ல சாய்வும் கொண்டது. குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறத்தாழப் படுகிடையாகவும் இருக்கும். சளி பிடித்த பிள்ளை இரவில் காதைப் பிடித்துக்கொண்டு அழுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வலி செவிப்பறைக்கு உட்புறம் இருக்கும்போது வெளியிலிருந்து காய்ச்சிய எண்ணெயை ஊற்றினால் அது அந்த இடத்தை எட்டாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ கேடாகவே முடியும். டான்சில் வீக்கத்தின்போது காது நன்றாக இருந்தும் வலிப்பதுண்டு, இரண்டுக்கும் உணர்ச்சி நரம்பு ஒன்றே என்பதால்.

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. உப்பு கலந்த வெந்நீரில் வாய் கொப்பளித்து, ஓய்வெடுத்தால் சில நாட்களில் போய்விடும். சுண்ணாம்பும் தேனும் குழைத்துக் கழுத்தில் வெளியே பற்றுப் போடுவதால் டான்சில் சுருங்குவதில்லை, தோல்தான் புண்ணாகும். ஆனால் ஒன்றை மட்டும் அலட்சியம் செய்ய முடியாது. திடீரென்று காய்ச்சல், விழுங்க முடியாத வலி, டான்சில் மேல் வெண்படலம், தாடையின் கீழ் நெறி கட்டுதல் ஆகியவை இருந்து, சளியும் இருமலும் இல்லையென்றால், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு மிகுதி. சரியாகக் குணப்படுத்தாவிட்டால், இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு, ருமாட்டிக் காய்ச்சல் வரக்கூடும். இந்தக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பாற்றலே தவறி மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குவதால் வருவது அது. மூட்டு வலி போய்விடும். இதயத்தின் இடப்பக்க ஈரிதழ் வால்வு மட்டும் ஆயுளுக்கும் பழுதாகிவிடலாம். பென்சிலின் வகை மருந்தை மருத்துவர் 10 நாட்களுக்கு எழுதினால், வலி மூன்றாம் நாளே நின்றாலும் பத்து நாளும் கொடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. மருந்துக் கடையில் இரண்டு வேளைக்கு மட்டும் மாத்திரை வாங்கிப் போடும் நம் ஊர்ப் பழக்கம் இந்த ஒரு நோயில் மிகப் பெரிய விலையைக் கேட்கிறது.

வெண்படலம் சாம்பல் நிறமாக, துடைத்தால் இரத்தம் கசிவதாக இருந்தால் தொண்டை அடைப்பானா (டிப்தீரியா) என்று உடனே பார்த்தாக வேண்டும். அதற்கு எதிராகப் பிறந்து 6, 10, 14 வாரங்களில் போடும் தடுப்பூசியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். 16 முதல் 24 மாதங்களிலும், 5 முதல் 6 வயதிலும், பின்பு 10, 16 வயதுகளிலும் போட வேண்டியவை எஞ்சியிருக்கின்றன.

அப்படியானால் டான்சிலை எடுக்கவே கூடாதா என்றால், அப்படியும் அன்று. கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிள்ளைகளுக்கு அதை வரிசையாக எடுத்துத் தள்ளினார்கள்; பிறகே நிதானம் வந்தது. பிட்ஸ்பர்க் நகரில் ஜாக் பாரடைஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் கையாண்ட அளவுகோலை இன்றும் மருத்துவர்கள் கருத்தில் கொள்கிறார்கள்: ஓராண்டில் ஏழு முறை, அல்லது இரண்டாண்டுகளாக ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்றாண்டுகளாக ஆண்டுக்கு மூன்று முறை, காய்ச்சல், நெறி, வெண்படலம் போன்ற அடையாளங்களோடு பதிவான தொண்டை அழற்சி. ஆகவே அடிக்கடி வருகிறது என்று வாய்மொழியாகச் சொல்வதைவிட, ஒவ்வொரு முறையும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவைத்துக் காட்டுவது மருத்துவருக்குப் பேருதவி. எடுத்துவிட்டால் எதிர்ப்பாற்றல் போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம். வளையத்தின் மற்றப் பகுதிகளும் உடலின் பிற நிணநீர்த் திசுக்களும் அந்த வேலையைச் செய்துகொள்கின்றன. கழுத்தில் தழும்பு விழாது. முழு மயக்கத்தில் வாய் வழியாகவே எடுக்கிறார்கள். டான்சிலுக்கு இரத்தம் தரும் கிளைகள் பல. மூளைக்குச் செல்லும் பெருந்தமனியும் சுமார் 2.5 செ.மீ. தொலைவில், பின்புறம் ஓடுகிறது. பயிற்சி பெற்ற கையில் மட்டுமே இதை ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு அதைவிடக் காரணம் தேவையில்லை. எடுத்த இடத்தில் சில நாட்கள் தெரியும் வெண்படலம் சீழ் அன்று, புண் ஆறும் அடையாளம். ஆனால் ஒரு வாரம் கழித்து அது உதிரும்போதும் இரத்தம் கசியலாம் என்பதால், வீட்டுக்கு வந்தபின்பும் கவனம் வேண்டும். ஜிகர்தண்டா குடித்ததால்தான் டான்சில் வந்தது என்று திட்டு வாங்கிய பிள்ளைக்கு, அறுவை முடிந்ததும் மருத்துவரே ஐஸ்கிரீம் கொடுக்கச் சொல்வதைப் பார்த்துத் திகைக்கும் பெற்றோர் பலர். குளிர்ச்சி கிருமியை உண்டாக்குவதில்லை. சுத்தமில்லாத ஐஸ் கட்டி வேறு நோய்களைத் தரும் என்பது தனிக் கதை.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எப்போதும் வாயைத் திறந்தே மூச்சு விடும், மூக்கடைத்தவர்போல் பேசும், வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடாதீர்கள். அடினாய்டும் டான்சிலும் மிகப் பெரிதாகி இரவில் குறட்டைக்கு இடையே மூச்சு நின்று நின்று வருவதால், அந்தப் பிள்ளை உறங்கியும் உறங்காத நிலையில் இருக்கலாம். அடிக்கடி தொண்டை அழற்சி வராவிட்டாலும் டான்சிலை எடுக்க வேண்டிய நியாயமான காரணம் இது. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் நடுக்காது அழற்சியும் ருமாட்டிக் இதய நோயும் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் இத்தகைய பிள்ளைகளை ஆசிரியரே முன்னால் நிறுத்தலாம். பெரியவர்களுக்கோ, ஒரு பக்கத்து டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனாலோ, குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தாலோ, புகையிலை போடும் பழக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்டிவிடுவது நல்லது. மதுரை கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையில் இதற்கெனத் தனிப்பிரிவு இருக்கிறது.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளிவரும் பதில்கள் எங்கள் ஊர் டீக்கடைகளில் உரக்கப் படிக்கப்படுகின்றன. மருத்துவர் சொன்னதைவிட 'பேப்பரில் போட்டிருக்கிறது' என்பதற்கு மதிப்பு அதிகம். எனவே முந்தைய பதிலுக்கு ஒரு திருத்தத்தை, வாயைத் திறந்தால் தெரியும் பகுதிகளையும் தொண்டையின் பக்கவாட்டு வெட்டுத் தோற்றத்தையும் பெயர்களோடு காட்டும் படத்துடன், கால் பக்க அளவிலாவது வெளியிட வேண்டுகிறேன். வகுப்பில் கரும்பலகையில் வரைந்து பழகிய இரண்டு படங்களைத் தாளில் வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அச்சிடும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் வெளிவந்தால், வகுப்பறைச் சுவர்களில் ஒட்டிவைக்கச் சொல்ல எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.